ஆறாவது நிமிடத்தில் இட்ட கையெழுத்து

புதுக்கோட்டைக்காரர்கள் குளிருக்கென்று தனியாகத் துணி வாங்குவதில்லை. மார்கழியில் முதல் பேருந்துக்குப் போகிறவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வார். எட்டு மணிக்கு அதே துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொள்வார். இந்த மண்ணில் பிறந்த அடைக்கலம், பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து, அடுத்த இருபது ஆண்டுகளையும் பிறருடைய கால்கள் குளிரில் விறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதிலேயே கழித்தார். இதை அவர் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. பயிற்சி முகாமில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து வேலை பிரித்தபோது, அவருக்கு முன்னால் நின்றவருக்கு ஆயுதங்கள் போயின. பின்னால் நின்றவருக்குச் சக்கரமும் பிரேக்கும் போயின. இடையில் நின்றவருக்கு ஹெலிகாப்டரின் உள்ளறைக் காற்று வந்தது. அதைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் அவர் பொறுப்பாயிற்று.

திருவரங்குளத்திலிருந்து திருக்கோகர்ணத்துக்குப் பெண் பார்க்கப் போன நாளில் இந்தப் பொறுப்பை விளக்குவது எளிதாக இருக்கவில்லை. பெண் சுகுணாவின் பெரியப்பா, காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“தம்பி ஹெலிகாப்டர் ஓட்டுறீங்களா?”

“இல்லைங்க.”

“மேலருந்து சுடுறீங்களா?”

“இல்லைங்க.”

“குதிக்கிறது, கிதிக்கிறது?”

“அதுவும் இல்லைங்க. உள்ள இருக்கவுங்களுக்குக் குளிராமப் பாத்துக்குவேன். வெக்கையா இருந்தா வெக்கை தெரியாமப் பாத்துக்குவேன்.”

பெரியப்பா நெடுநேரம் யோசித்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, “ஏசி மெக்கானிக்காம்” என்று அறிவித்தார். உள்ளேயிருந்து திருப்தியான ஒலி வந்தது. படையில் இருந்துகொண்டே குண்டு படாத வேலை பார்க்கும் மாப்பிள்ளை அந்தத் தெருவுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

விடுப்பில் வரும்போதெல்லாம் அந்த அறிவிப்பின் பலனை அடைக்கலம் அனுபவித்தார். சுகுணாவின் தம்பி திருமுருகன் பேருந்து நிலையத்துக்கு அருகில் செல்போன் கடை வைத்திருந்தார். ஜெராக்ஸ், ஸ்கேன் ஆகியவையும் அங்கே உண்டு. கடையில் ஒரு பழைய ஏசியும் உண்டு. அது சத்தம் மட்டும் கொடுக்கும்.

“மச்சான், கேஸ் இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல.”

“மாப்ள, எனக்குக் கேஸ் தெரியாது. எங்க ஏசியில கேஸே கெடையாது.”

“கேஸ் இல்லாம எப்புடிக் குளிரும்? வெறுங்காத்தா?”

“வெறுங்காத்துதான்.”

“வெறுங்காத்த வச்சுக் குளிர வைக்கிற ஆளுக்கா எங்க அக்காவக் குடுத்தோம்?”

அடைக்கலம் சொன்னதில் பொய் இல்லை. அவர் கவனித்துவந்த வகை ஹெலிகாப்டரில் சூட்டுக்கும் குளிருக்கும் மூலம் ஒன்றே. எஞ்சின் முதலில் வெளிக்காற்றை உறிஞ்சி, பல அடுக்குச் சுழல் தகடுகளால் அதை அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட காற்றும் சூடாகிறது. எஞ்சினுக்குள் அந்தச் சூடு இருநூறு டிகிரியைத் தாண்டிவிடும். எரிபொருள் கலப்பதற்கு முன்னரே, புகை படாத நிலையில், அந்தக் காற்றில் ஒரு சிறு பங்கை ஒரு குழாய் வழியே பிரித்தெடுக்கிறார்கள். குழாயின் வாயில் ஒரு வால்வு இருக்கிறது. விமானி தம் கையருகே உள்ள குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பினால் வால்வு திறக்கும். உள்ளே வரும் காற்று, உள்ளறையின் சாதாரணக் காற்றோடு கலந்து சூடு தணிந்து, கால்மாட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் போய்ச் சேரும். கண்ணாடிக்குப் போகாவிட்டால் விமானியின் மூச்சுக்காற்றே அதில் பனியாகப் படிந்து வழியை மறைத்துவிடும்.

குளிர்விப்பதும் அதே காற்றுதான். பிரித்தெடுத்த சூடான காற்றை ஒரு ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, வெளிக்காற்றைக் கொண்டு அதன் சூட்டை ஓரளவு இறக்குவார்கள். அடுத்து அது ஒரு சிறு சக்கரத்தின் மேல் பாய்ந்து விரியும். சக்கரத்தைச் சுழற்றும் வேலையில் தன் சூட்டை இழந்து, ஏறத்தாழ உறையும் அளவுக்குக் குளிர்ந்து மறுபக்கம் வரும். அதிலுள்ள ஈரத்தை ஒரு பிரிப்பான் வடித்துவிடும். வடிக்காவிட்டால் விமானியின் மடியில் தூறல் விழும். இவ்வளவுக்கும் எஞ்சின்தான் தன் பலத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுத்த அளவுக்கு அதன் தூக்கும் திறன் குறையும். மலையுச்சியில் காற்றே மெலிந்திருப்பதால் அங்கே ஒரு மூட்டையைத் தூக்கும் பலம்கூடப் பெரிது. ஆகவே உயரத்தில் இறங்குவதற்கு முன் சூட்டை மூடிவிட வேண்டும் என்பது விதி.

இந்த அறிவால் திருமுருகனின் கடைக்கு எந்தப் பயனும் ஏற்படவில்லை. வேறெந்தக் கடைக்கும் ஏற்படாது என்பது அடைக்கலத்துக்கும் தெரியும். இந்தக் கதை நடந்த ஆண்டு அக்டோபரில் அவருடைய இருபது ஆண்டுப் பணிக்காலம் முடிவதாக இருந்தது. மேலும் ஆறு ஆண்டு நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் சார்ஜண்டாகவே இருந்து அந்த வால்வுகளோடு ஆறு ஆண்டுகளைக் கழிக்கலாம். கிடைக்காவிட்டால், நாற்பதை நெருங்கும் வயதில், நாட்டில் எந்த வீட்டிலும் இல்லாத ஓர் ஏசியில் முழுத் தேர்ச்சி பெற்றவராக, குடும்பம் இருக்கும் திருக்கோகர்ணம் வந்து சேர வேண்டும். நீட்டிப்புக்கு உரிய நிபந்தனைகளில் முதன்மையானது, பணிப்பதிவேட்டில் குற்றக்குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பது. அவருடைய பதிவேட்டில் அந்தப் பக்கம் இருபது ஆண்டுகளாகக் காலியாக இருந்தது.

அவருடைய பிரிவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. புறங்கையைக் காற்றுக்குழாயின் வாயில் நீட்டி, இத்தனை டிகிரி என்று சொல்வார். கருவியை வைத்துப் பார்த்தால் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இராது. இதை வைத்து அங்கே தேநீர்ப் பந்தயங்கள் நடந்தன. அவருடைய அளவுகோல் ஊரிலிருந்து கொண்டுபோனது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் திருவரங்குளம் கடைத்தெருவின் காற்று நாற்பத்தொன்று. அதே வெயிலில் நின்ற டவுன் பஸ்ஸின் சன்னல் கம்பி ஐம்பத்திரண்டு. சித்தன்னவாசல் பாறை அறுபது. அதன்மேல் வெறுங்காலோடு எத்தனை நொடி நிற்கலாம் என்று பள்ளிச் சுற்றுலாவின்போது ஒரு போட்டி நடந்து, அவர் இரண்டாம் இடம் பெற்றிருந்தார். எழுபதுக்கு ஒப்பிட ஊரில் ஒன்றும் இல்லை. ஆயினும் அறுபது தெரிந்தவருக்கு எழுபதும் தெரியும்.

மே மாதத்தில் ஒரு நாள், வடக்கே அவர் பணிசெய்த தளத்தில், ஒரு ஹெலிகாப்டருக்குச் சூட்டு வால்வை மாற்றினார்கள். மாற்றியவர் கார்ப்பரல் ஜெபக்குமார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பதைக் கடந்தவர், கையில் சுத்தமுள்ள வேலைக்காரர். வால்வை மாற்றினால் சோதனை ஒன்று செய்ய வேண்டும். எஞ்சினுக்குப் பதிலாகத் தரையில் நிற்கும் ஒரு வண்டியிலிருந்து சூடான காற்றைக் குழாய்க்குக் கொடுத்து, கதவுகளை அடைத்துக்கொண்டு, குமிழைச் சூட்டின் கடைசி வரை திருப்பிப் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு குமிழைக் குளிருக்குத் திருப்பி, வால்வு முழுதாக மூடிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். படிவத்தில் இரண்டு கையெழுத்துகள்: வேலையைச் செய்தவர் ஒருவர், அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர். பார்த்தவர் அடைக்கலம்.

அன்று வெளியே நாற்பத்துநான்கு டிகிரி. அந்த வெயிலில் உலோகப் பெட்டிக்குள் கதவை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது நிமிடத்தில் அடைக்கலம் புறங்கையை நீட்டினார்.

“எழுபது. போதும், மூடு.”

“இன்னும் நாலு நிமிசம் கெடக்கு அண்ணாச்சி.”

“காத்து இதுக்கு மேல சூடாகாது. நாலு நிமிசம் உக்காந்தா நாமதான் வேகணும்.”

ஜெபக்குமார் குமிழைத் திருப்பினார். வால்வு மூடிக்கொண்டது. இருவரும் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கையெழுத்திட்டார்கள். ‘பத்து நிமிடம் சூட்டில் வைத்துப் பார்க்கப்பட்டது’ என்ற வாசகம் படிவத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பெயரை மட்டும் எழுதினால் போதுமானதாக இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் அடைக்கலம் விடுப்பில் ஊருக்கு வந்தார். இரண்டாம் வாரத்தில் அந்த ஹெலிகாப்டரை மலைக்கு அனுப்பினார்கள். மேலே ஒரு காவல் முகாமுக்கு அது கொண்டுபோனவை மண்ணெண்ணெய் டின்கள், தபால், ஒரு பல் டாக்டர். அரை மணி நேரம் சூட்டில் சுகமாகப் பறந்தார்கள். முகாம் கண்ணுக்குத் தெரிந்ததும் விமானி விதிப்படி குமிழைக் குளிருக்குத் திருப்பினார். வால்வு மூடவில்லை. உள்ளே கத்திரி வெயில் அடிக்கத் தொடங்கியது. சன்னலைத் திறந்தார்கள், ஒரு தோள் வியர்க்க, மறு தோளில் பனி விழுந்தது. இறங்குவதற்கு வேண்டிய பலத்தை எஞ்சினால் கொடுக்க முடியாது என்று கணக்கிட்டு, விமானி இறங்காமலே திரும்பிவிட்டார். யாருக்கும் காயமில்லை. மேலே ஒரு ஹவில்தாரின் கடைவாய்ப் பல் கூடுதலாக இரண்டு நாள் வலித்தது. இறங்க முயன்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அறிக்கையில் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்.

அந்த அறிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அடைக்கலத்தின் செல்போனுக்கு வந்தது. இறங்க முயன்றிருந்தால் என்ற வரியை அவர் இரண்டாம் முறை படிக்கவில்லை. கீழே ஒரு கேள்வி இருந்தது: சூட்டுச் சோதனை உங்கள் முன்னிலையில் முழுமையாக நடந்ததா? கையெழுத்திட்ட வாக்குமூலம் மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் வர வேண்டும்.

பத்தரைக்கு ஜெபக்குமார் அழைத்தார்.

“அண்ணாச்சி, பாத்தியளா? நான் காலைலேயே எழுதிக் குடுத்துட்டேன். ஆறு நிமிசத்துல நான்தான் நிறுத்துனேன்னு எழுதிட்டேன்.”

“நீயாவா நிறுத்துன?”

“நீங்க வெளிய வண்டிகிட்ட நின்னிய, கடியாரத்தப் பாக்கலன்னு எழுதிருக்கேன்.”

“நான் உள்ளதானய்யா இருந்தேன்.”

“அது எனக்குத் தெரியாதா? பக்கத்துல இருந்து வேர்வய என் மேல தொடச்சது யாரு? ஒங்களுக்கு நீட்டிப்பு நிக்கி. எனக்கு இன்னும் ஒம்பது வருசம் கெடக்கு, ஒரு குறிப்பு விழுந்தாலும் அதுக்குள்ள தேஞ்சு போவும். நீங்க ‘கடியாரத்தக் கவனிக்கல’ன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க.”

“மூடச் சொன்னது நானு.”

“சொன்னது காத்தோட போச்சு அண்ணாச்சி. வைக்கேன், கூப்புடுதாக.”

அடைக்கலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மகள் பள்ளிக்கூடத்துக்கும் மனைவி அலுவலகத்துக்கும் போயிருந்ததால் வீடு வசதியாக இருந்தது. கடிகாரத்தைக் கவனிக்கவில்லை என்ற வரியை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். அந்த வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனாலும் கிழித்துவிட்டார். இல்லாததைச் சொல்லவும் கூடாது, நீட்டிப்பும் போகக் கூடாது என்று வேறொரு வழியை யோசித்தார். ஒரு மணிவாக்கில் அது கிடைத்தது. சோதனையின் நோக்கம் காற்று முழுச் சூட்டை அடைவது, ஆறாவது நிமிடத்திலேயே அது எழுபது டிகிரியை அடைந்துவிட்டது, ஆகவே சாரத்தில் சோதனை நிறைவேறியது, பழுது வால்வினுடையதே. இதில் பொய் இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஜெபக்குமாருக்கும் பாதகமில்லை. இரண்டு பக்கம் வந்திருந்தது.

ஒன்றரை மணிக்குச் சுகுணா சாப்பிட வந்தார். அவர் திருவரங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிராம நிர்வாக அலுவலர். எழுதிய தாள் எங்கே கிடந்தாலும் எடுத்துப் படித்துவிடுவது அவருடைய வழக்கம். கைகழுவக் குழாயடிக்குப் போவதற்கு முன்பே இரண்டு பக்கத்தையும் படித்து முடித்தார்.

“ஆறு நிமிசம்னு எழுதியிருக்கீங்க. பாரத்துல எவ்வளவு?”

“பத்து.”

“பத்துன்னு இருக்கிற பாரத்துல ஆறுல கையெழுத்துப் போட்டீங்களா?”

“காத்து சூடாயிருச்சு சுகுணா. அதுக்கு மேல வைக்கிறது வீணு.”

“புயலடிச்ச வருசம் விழுந்த தென்னமரத்தப் பூரா நேர்ல போயி நின்னு எண்ணுனேன். ஒருத்தரு வெறும் நாலு மரத்துக்காக ரெண்டு மைலு வரப்புல நடக்க விட்டாரு. நாலுதானம்மா, நம்பிப் போடுங்கன்னாரு. நான் எண்ணிட்டுத்தான் போட்டேன்.”

“எண்ணுனப்ப எத்தன இருந்துச்சு?”

“நாலுதான் இருந்துச்சு. அதுவா இப்பப் பேச்சு?”

அடைக்கலம் சோற்றைப் பிசைந்தார். சுகுணா தாளை விடவில்லை.

“ஆறுலயே சூடாயிரும்னா, எழுதுனவன் எதுக்குப் பத்துன்னு போட்டான்? அவன் என்ன கூறு கெட்டவனா?”

“பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடப் போட்டு வைப்பாங்க.”

“என்னத்துக்குப் பாதுகாப்பு? அந்த வால்வு எதுல செஞ்சது?”

“உருக்கு. உள்ள ஒரு தட்டு, அதச் சுத்தி ஒரு வளையம். ரெண்டும் வேற வேற உலோகம்.”

“நம்ம வாச கேட்டு மத்தியானம் ஆச்சின்னா மாட்டிக்கிருதுல்ல. கொண்டியத் தள்ளித் தள்ளிக் கை வலிக்குது. அதே கேட்டு காலையில ஒம்பது மணிக்கு ஒழுங்காத் தெறக்குது. ஒம்பது மணிக்கு மட்டும் வெயிலு இல்லையா? காத்து அப்பவே சுடத்தான் செய்யிது. இரும்பு சூடேறி உப்புறதுக்குப் பன்னெண்டு மணி ஆகுது.”

அவர் இதைக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். அடைக்கலத்தின் கை இலையில் நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளாக அந்தப் பத்து நிமிடத்தைக் காற்று சூடாவதற்கான நேரம் என்றே அவர் எண்ணியிருந்தார். அது உலோகம் சூடாவதற்கான நேரம். தட்டும் வளையமும் சூட்டில் ஊறி, ஒன்றோடொன்று இறுகுமா இறுகாதா என்பது ஏழாவது நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியும். அவருடைய புறங்கை எழுபது என்று சொன்னது சரி. காற்றைக் கேட்டால் காற்றைப் பற்றித்தான் அது சொல்லும். வால்வைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

இதைவிடத் தொந்தரவான இன்னொன்றும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதே அவருக்குத் தோன்றியது. அவர் கை வைத்துப் போதும் என்று சொல்வதைப் பார்த்துப் பிரிவில் இருந்த மற்றவர்களும் கை வைத்துப் போதும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். தளத்தில் மொத்தம் பதினோரு ஹெலிகாப்டர்கள். அவற்றில் எத்தனை வால்வுகள் முழுப் பத்து நிமிடத்தைக் கண்டவை என்பது யாருக்கும் தெரியாது. படிவங்களில் எல்லாம் சரியாக இருக்கும்.

“உள்ளத உள்ளபடி எழுதுனா நீட்டிப்புப் போயிரும்” என்றார்.

“போயிரும்தான்” என்றார் சுகுணா. “போக வேண்டாம்னா அந்த ரெண்டு பக்கத்தையே அனுப்பிவிடுங்க. ஆனா அந்த ஹெலிகாப்டர்ல ஏறப் போறவுங்களுக்கு நீங்க எழுதுன சாரம் ஒண்ணும் செய்யாது. மோர் ஊத்தவா?”

“ஊத்து.”

சாப்பிட்டு முடித்து அவர் மூன்றாம் முறையாக எழுதினார். இம்முறை ஒரு பக்கத்துக்கும் குறைவாகவே வந்தது. நான் உள்ளே இருந்தேன். ஆறாவது நிமிடத்தில் நிறுத்தும்படி நான் சொன்னேன். கார்ப்பரல் ஜெபக்குமார் நான்கு நிமிடம் மிச்சமிருப்பதை எனக்கு நினைவூட்டினார். நான் ஏற்கவில்லை. எனக்குப் பாதகம் வராதிருக்க அவர் வேறு விதமாக எழுதியிருக்கிறார், அது உண்மையன்று. இந்தப் பழக்கம் என்னிடமிருந்து மற்றவர்களுக்கும் பரவியிருக்கிறது. ஆதலால் பதினோரு ஹெலிகாப்டர்களின் சூட்டு வால்வுகளையும் கடிகாரம் வைத்து முழுப் பத்து நிமிடம் சோதிக்க வேண்டும். அதுவரை எதையும் மலைக்கு அனுப்பக் கூடாது.

நாலரை மணிக்குத் திருமுருகனின் கடையில் இருந்தார். கடைக்குள் வெளியில் இருந்ததைவிட இரண்டு டிகிரி அதிகம், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திருமுருகன் தாளை ஸ்கேனரில் வைப்பதற்கு முன் தூக்கிப் பிடித்துப் படித்தார். இந்தக் குணம் அந்தக் குடும்பத்துக்குப் பொது.

“மச்சான், ஒரு பக்கத்துல ‘நான்’, ‘நான்’னு எத்தன எடத்துல வருது! கொஞ்சம் அந்த ஜெபக்குமாரு மேலயும் போட்டா என்ன?”

“அவரு நாலு நிமிசம் இருக்குன்னு சொன்னாரு மாப்ள. நான் கேக்கல.”

“அவரே ஏத்துக்கிட்டாருன்னு அக்கா சொல்லுச்சு. ஒரு மனுசன் தானா வந்து தலையக் குடுக்குறாரு. அதையும் வேண்டாங்குறீங்க.”

“ஸ்கேனப் போடு.”

“போடுறேன். போட்டா அக்டோபர்ல இங்கிட்டு வந்துருவீங்க. வந்து என்ன செய்வீங்க? கேஸும் தெரியாது.”

“கத்துக்கிறேன்.”

“யாருகிட்ட? நம்ம கடைக்கு வார ஏசிக்காரருக்கு இருவத்தாறு வயசு. அவரு ஒங்கள ‘அண்ணே, அந்த ஸ்பானர எடு’ன்னு சொல்லுவாரு.”

“எடுத்துக் குடுக்குறேன். மணி நாலே முக்கால் ஆச்சு மாப்ள.”

ஸ்கேன் ஆயிற்று. மின்னஞ்சல் கிளம்பிப் பாதியில் நின்றது. பேருந்து நிலையத்தைச் சுற்றி மாலை நேரத்தில் இணையம் அப்படித்தான் இருக்கும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திருமுருகன் மவுஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “இப்பவும் நிறுத்தலாம் மச்சான், ஒரே அமுக்கு” என்றார். அடைக்கலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து செல்போனுக்கு உறை கேட்டார். திருமுருகன் எழுந்து நான்கு வகை உறைகளை எடுத்துக் காட்டினார். வந்தவர் எதையும் வாங்காமல் போனார். நான்கு ஐம்பத்திரண்டுக்கு வட்டம் மறைந்து, அனுப்பப்பட்டது என்று வந்தது.

அன்று மாலையே ஜெபக்குமார் அழைத்தார். எடுத்தவுடன் வணக்கம் இல்லை.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? நான் பொய் எழுதுனேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கிய!”

“எழுதிட்டேன்.”

“இப்போ ரெண்டு பேருக்கும்லா அடி!”

“ஒனக்குக் கொஞ்சம் கம்மியா விழும். நீ நாலு நிமிசம் கெடக்குன்னு சொன்னத எழுதியிருக்கேன், பாத்தியா?”

ஜெபக்குமார் “பாத்தேன்” என்றார். பிறகு, “பதினோரு வண்டியும் நிறுத்தியாச்சு. எல்லாத்தையும் நாமதான் பாக்கணுமாம். லீவ ரத்து பண்ணிட்டாவ. கெளம்பி வாங்க” என்றார்.

அடைக்கலம் மறுநாளே ரயிலேறினார். அடுத்த ஒன்பது நாள்களில் அவரும் ஜெபக்குமாரும் பதினோரு ஹெலிகாப்டர்களுக்குள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவரில் மாட்டும் பெரிய கடிகாரம் ஒன்றை இருவருக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். வெளியே மழை வராத ஜூன், உள்ளே எழுபது. அடைக்கலம் கையைக் குழாய்ப் பக்கம் கொண்டுபோகவில்லை. நான்காவது ஹெலிகாப்டரில் பத்து நிமிடம் கழித்துக் குமிழைத் திருப்பியபோது வால்வு அசையவில்லை. ஒன்பதாவதில் பாதி மூடி நின்றுவிட்டது. இரண்டையும் கழற்றி, பழுது என்று அட்டை கட்டி, மேசைமேல் வைத்தார்கள். அவற்றின் படிவங்களைத் தேடி எடுத்துப் பார்த்ததில், ஒன்றில் பார்த்தவர் என்ற இடத்தில் அடைக்கலத்தின் கையெழுத்தே இருந்தது. மற்றதில் வேறொருவருடையது. அவரும் கைவைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்.

ஜெபக்குமாருக்கு வாயால் கண்டிப்பு, பதிவேட்டில் ஏறவில்லை. அடைக்கலத்துக்கு ஆகஸ்டில் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து. முதலாவது, அவருடைய பரிந்துரையால் மேலும் இரண்டு பழுதான வால்வுகள் பறப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டதைப் பாராட்டியது. இரண்டாவது, செய்யாத சோதனைக்குக் கையெழுத்திட்டதால் பதிவேட்டில் குறிப்பு ஏற்றப்பட்டதையும், ஆகவே பணி நீட்டிப்பு மறுக்கப்படுவதையும் தெரிவித்தது. முதலாவது நான்கு வரி, இரண்டாவது மூன்று.

அக்டோபர் கடைசியில் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு படுக்கைச் சுருளோடும் அடைக்கலம் திருக்கோகர்ணம் வந்து இறங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் சுகுணா கடிதங்களைக் கேட்டார். அவர் பெட்டியைத் திறந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். சுகுணா கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, எண், தேதி, பொருள், கையெழுத்து என்று வரிசையாக விரல் வைத்து முதலாவதைப் படித்தார். பிறகு இரண்டாவதையும் அப்படியே படித்தார். அடைக்கலம் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டும் சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்றார் சுகுணா.

“ஆமா” என்றார் அடைக்கலம்.